வேதாரண்யம், கோடியக்கரை ஒருநாள் சுற்றுலா: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைப் பிப்ரவரி 7, சனிக்கிழமை வேதாரண்யத்துக்கும் கோடியக்கரைக்கும் அழைத்துப் போகிறோம். முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதி வந்துவிட்டது, வனத்துறையிடமும் பேசியாயிற்று. காலை 7 மணிக்குப் பள்ளி வாசலில் கிளம்பி, மாலை 6 மணிக்குள் அதே வாசலில் பிள்ளைகளை இறக்கிவிடுவோம்.

எங்கே போகலாம் என்று பிள்ளைகளிடம் கேட்டபோது ஊட்டி முதலில் வந்தது, கொடைக்கானல் அடுத்து, சென்னைப் பக்கத்துத் தீம் பார்க் மூன்றாவது. வேதாரண்யம் யாருடைய பட்டியலிலும் இல்லை. "சார், வேதாரண்யம் எங்க மாமியார் ஊரு, அதுக்கு எதுக்கு சுற்றுலா பஸ்?" என்று ஒரு அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான், பதில் சொல்லிவிடுகிறேன்.

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஊட்டிக்குப் போவதென்றால் ராத்திரி பஸ் ஏறியாக வேண்டும், திரும்புவதும் ராத்திரியில்தான். 2022 அக்டோபரில் கேரளத்தின் எர்ணாகுளம் பக்கமிருந்து ஊட்டிக்குக் கிளம்பிய ஒரு பள்ளிச் சுற்றுலா பஸ், பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரி அருகே, நள்ளிரவை நெருங்கும் நேரத்தில், முன்னால் போன அரசு பஸ்ஸின் பின்பக்கம் மோதியது. 9 பேர் இறந்தார்கள், அதில் 5 பேர் மாணவர்கள். பஸ் போன வேகத்தைப் பற்றி அப்போது நிறையப் பேசினார்கள். எனக்கு வேகத்தைவிட அந்த நேரம்தான் உறுத்துகிறது. தூங்கி வழியும் பிள்ளைகளோடு ஒரு பள்ளி பஸ் நள்ளிரவில் நெடுஞ்சாலையில் இருக்க வேண்டிய அவசியம் என்ன? அதனால் இந்த முறை இடத்தைத் தேடுவதற்கு முன்பே நேரத்தை முடிவு செய்துவிட்டோம். வெளிச்சத்தில் போய் வெளிச்சத்தில் திரும்ப வேண்டும். அந்தக் கணக்குக்குள் அடங்கியது வேதாரண்யம்.

பார்க்க ஒன்றுமில்லாத ஊர் என்று நினைக்க வேண்டாம். 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி நூறு பேரளவில் தொண்டர்களோடு திருச்சியிலிருந்து நடந்தே கிளம்பி, அந்த மாதக் கடைசியில் வேதாரண்யத்தில் உப்பு அள்ளினார். அந்தக் கூட்டம் நம் மன்னார்குடி வழியாகத்தான் போனது. தொண்டர்களுக்குச் சோறு போட்டாலோ தங்க இடம் கொடுத்தாலோ ஜெயில் என்று அன்றைய தஞ்சாவூர் ஆட்சியர் தார்ன் உத்தரவு போட்டார். நம் ஜனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சோற்றைப் பொட்டலமாகக் கட்டி ரோட்டோர மரக்கிளைகளில் தொங்கவிட்டுவிட்டார்கள். யார் போட்டது என்று எந்தப் போலீஸ்காரர் கண்டுபிடிப்பது? பாடப்புத்தகத்தில் உப்புச் சத்தியாகிரகத்துக்குச் சில வரிகள்தான் கிடைக்கின்றன. அகத்தியம்பள்ளி நினைவுத் தூணின் அடியில் நின்று, பக்கத்து உப்பளத்தில் பாத்தி கட்டுகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இந்தக் கதையைக் கேட்டால் எந்தப் பிள்ளைக்கும் மறக்காது. சமூக அறிவியல் ஆசிரியை அங்கே அரைமணி நேரம் பேசுவார். அதற்குமேல் பேசமாட்டேன் என்று எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார்.

வேதாரண்யம் கோயிலுக்கும் போகிறோம். பூட்டிக் கிடந்த கதவை அப்பர் பாடித் திறக்க, சம்பந்தர் பாடி மூடினார் என்ற கதை அந்தக் கோயிலைச் சேர்ந்தது. அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் கோடியக்கரை. 1967-லேயே சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு. புல்வெளியில் வெளிமான் கூட்டம் மேயும், கேட்பாரில்லாமல் திரியும் குதிரைகள் நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் வந்த பூநாரைகள் இன்னும் திரும்பியிருக்காது. 2018 நவம்பரில் கஜா புயல் அந்தக் காட்டையும் நம் தென்னந்தோப்புகளைப் போலவே புரட்டிப் போட்டது. அப்போது இந்தப் பிள்ளைகளுக்கு ஐந்தாறு வயது. காடு எப்படித் தழைத்து வந்திருக்கிறது என்று பார்ப்பதும் ஒரு பாடம்தான்.

சரி, ரோட்டுக்கு வருகிறேன். தை கடைசி என்றால் நம் பக்கம் சம்பா அறுவடை மும்முரமாக இருக்கும். ரோட்டின் பாதியில் நெல் காயும். அதில் வண்டி ஏறக் கூடாது என்று ஓரத்தில் கருங்கல்லை வரிசையாக வைத்திருப்பார்கள். சாயங்காலம் நெல்லை அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள், கல் அங்கேயே கிடக்கும். பகலில் டிரைவர் கண்ணில் அது பட்டுவிடும், இருட்டில் சக்கரம் ஏறிய பிறகுதான் தெரியும். நம்மில் பாதிப் பேர் நெல் காயப்போடுகிறவர்கள்தான், குறை சொல்வதற்காக எழுதவில்லை. களம் இல்லாத ஊரில் நெல்லை வேறு எங்கே கொட்டுவது? ஆனால் தயவுசெய்து கல்லை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.

அப்புறம், அறுவடை மிஷினை ஏற்றி வரும் லாரி, வைக்கோல் இரண்டு பக்கமும் பிதுங்கி நிற்கும் டிராக்டர், பின்விளக்கே இல்லாத டிப்பர், கொள்முதல் நிலையத்தின் வாசலில் வரிசை கட்டிய மூட்டை லாரி. இதையெல்லாம் தாண்டிப் போக வேண்டிய ரோட்டில் ஒரு பக்கம் வயல், மறுபக்கம் வாய்க்கால். மதகுகளில் கைப்பிடிச் சுவர் இருந்தால் அதிர்ஷ்டம். அதிகாலைப் பனிமூட்டம் வேறு. அதனால்தான் நான்கு மணிக்குக் கிளம்பலாம் என்ற யோசனையைத் தள்ளிவிட்டேன். ஏழு மணிக்கும் பனி விலகவில்லை என்றால் பஸ் பள்ளியிலேயே நிற்கும், எட்டு மணியானாலும் சரி. தாமதத்தை வேறு எங்காவது குறைத்துக்கொள்வோம், வேகத்தைக் கூட்டி ஈடுகட்ட மாட்டோம் என்று டிரைவர்களிடம் சொல்லியாயிற்று.

இரண்டு பஸ்கள் பேசியிருக்கிறோம். எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று), இன்சூரன்ஸ், பெர்மிட் மூன்றின் நகலும் அலுவலகத்தில் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். காகிதம் சரியாக இருப்பது ஒன்று, பஸ் சரியாக இருப்பது வேறு. உடற்கல்வி ஆசிரியர் நேரில் போய் அவசர வழிக் கதவின் கைப்பிடியைத் திருகித் திறந்து பார்த்தார். ஒரு பஸ்ஸில் அந்தக் கதவுக்கு எதிரே பெரிய ஸ்பீக்கர் பெட்டி உட்கார்ந்திருந்தது. அதைக் கழற்றச் சொல்லிவிட்டோம். கலர் லைட்டும் வேண்டாம், நடுவழியில் நின்று ஆட்டம் போடுவதும் வேண்டாம். பிள்ளைகளுக்கு இதில் வருத்தம் என்று தெரியும். பாட்டுக்குப் பாட்டு உட்கார்ந்தபடியே நடத்தலாமே! பாலம் வரும்போதெல்லாம் அது எந்த ஆறு என்று முதலில் சொல்கிறவருக்கு மதிப்பெண் போடும் விளையாட்டும் உண்டு. பாமணியாறு, கோரையாறு, முள்ளியாறு, அரிச்சந்திரா நதி என்று பேர் தெரிந்தவர்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு இப்போதே சொல்லிக் கொடுங்கள். வெண்ணாறு பிரிகிற மூணாறு தலைப்பு நம் நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் இருந்தும் அதைப் பார்க்காத பிள்ளைகள் வகுப்பில் நிறைய.

பஸ்காரரிடம் இன்னொன்றும் எழுதி வாங்கியிருக்கிறோம். இது முகூர்த்த மாதம், வெள்ளிக்கிழமை ராத்திரி கல்யாண டிரிப் ஓட்டிய டிரைவரை சனிக்கிழமை காலை எங்களுக்கு அனுப்பக் கூடாது. அனுப்பினால் பஸ்ஸைத் திருப்பி அனுப்பிவிடுவேன், பயணம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை.

இனி உங்களிடம் கேட்க வேண்டியது. இந்தக் கடிதத்தை எழுதியதே பெரும்பாலும் இதற்காகத்தான். பிள்ளைக்கு வீசிங், வலிப்பு, சர்க்கரை, ஏதாவது மாத்திரை ஒவ்வாமை என்று எது இருந்தாலும் ஒப்புதல் சீட்டின் பின்பக்கம் எழுதுங்கள். எழுதினால் கூட்டிப்போக மாட்டார்கள் என்று பயந்து மறைக்கிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்தக் காரணத்துக்காக ஒரு பிள்ளையையும் விட்டுவிட்டுப் போகமாட்டோம். இன்ஹேலரைப் பிள்ளையின் பையில் ஒன்று, வகுப்பாசிரியரிடம் ஒன்று என்று கொடுங்கள். மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் மூன்று ஊரிலும் அரசு மருத்துவமனை இருக்கிறது, ஆனால் என்ன பிரச்சினை என்று டாக்டர் கேட்டால் எங்களுக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தரும் அரசுத் திட்டம் 2021 டிசம்பரிலிருந்து நடப்பில் உள்ளது. இது உங்கள் சொந்தப் பயணங்களுக்கும் தெரிந்திருக்கட்டும், 108 எண்ணோடு சேர்த்து.

பஸ்ஸில் வாந்தி எடுக்கும் பிள்ளைகளின் பெயரும் வேண்டும். அவர்களுக்கு முன்பக்க ஜன்னலோரம். அன்று காலை பூரிக்கிழங்கு கொடுத்து அனுப்பாதீர்கள், இட்லி இரண்டு போதும். வாந்தி மாத்திரையை மருந்துக்கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம், டாக்டரைக் கேட்டுக் கொடுங்கள். பெண் பிள்ளைகளுக்கான நாப்கின் ஆசிரியைகளிடம் இருக்கும், கேட்கக் கூச்சப்பட வேண்டாம் என்று அம்மாக்கள் சொல்லி அனுப்புங்கள். கழிப்பறைக்கு ரோட்டோரம் நிறுத்தும் வேலையே கிடையாது, வழியில் ஒரு பள்ளியில் சொல்லி வைத்திருக்கிறோம்.

மதியச் சாப்பாடு வீட்டிலிருந்து. புளியோதரையோ எலுமிச்சைச் சாதமோ இலையில் கட்டித் துணிப்பையில் வையுங்கள். பிளாஸ்டிக் கவர் கூடாது. கோடியக்கரைக் குரங்குகளுக்குக் கவர் சலசலக்கும் சத்தம் கேட்டால் போதும், பையோடு போய்விடும். அவை வீசிவிட்டுப் போன கவரை மான் தின்றுவிடும். சாப்பாட்டை வேதாரண்யத்திலேயே முடித்துவிட்டுத்தான் காட்டுக்குள் நுழைவோம். தண்ணீர் பாட்டில் ஆளுக்கு ஒன்று, தொப்பி இருந்தால் நல்லது, செருப்பைவிட ஷூ மேல்.

கடலைக் காட்டுவோம், கடலில் இறக்க மாட்டோம். முட்டி அளவு தண்ணீர்கூடக் கிடையாது. எத்தனை பிள்ளைகள் கெஞ்சினாலும் இதில் மாற்றமில்லை. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் படகில் போகலாம் என்று இளம் ஆசிரியர்கள் சொன்னார்கள். அழகான இடம், எனக்கும் ஆசைதான். ஆனால் 2024 ஜனவரியில் வதோதராவில் ஒரு ஏரியில் பள்ளிச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 12 மாணவர்களும் 2 ஆசிரியைகளும் இறந்தார்கள். அளவுக்கு மீறி ஆள் ஏற்றியிருந்தார்கள், பலரிடம் மிதவைச் சட்டை இல்லை. இத்தனை பிள்ளைகளுக்கும் அளவான மிதவைச் சட்டை கிடைக்கும் என்று உறுதியாகத் தெரியாமல் நான் கையெழுத்துப் போட முடியாது. குடும்பமாகப் போகிறவர்கள் போங்கள், ஆனால் சட்டை மாட்டாமல் ஏறாதீர்கள்.

குடும்பப் பயணம் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. காதுகுத்துக்கும் குலதெய்வம் கோயிலுக்கும் லோடு ஆட்டோவில் முப்பது பேர் ஏறிப் போவதை ரோட்டில் பார்க்கிறேன். பின்பக்கக் கதவில் கால் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் என் மாணவர்கள்தான், என்னைக் கண்டால் கையாட்டுகிறார்கள். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது சட்டப்படி குற்றம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் பணத்துக்கும் அலைய வேண்டிவரும். வேன் வாடகை அதிகம்தான், தெரியும். இரண்டு குடும்பம் சேர்ந்து பிடியுங்கள்.

செல்போன் கொண்டுவரக் கூடாது. ஒவ்வொரு முறை பஸ் கிளம்பும்போதும் ஜோடி ஜோடியாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டு எண்ணுவோம், பக்கத்துப் பிள்ளை இல்லையென்றால் மற்றது கத்தியாக வேண்டும். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வேதாரண்யம் சேர்ந்ததும் ஒரு தகவல், திரும்பும்போது திருத்துறைப்பூண்டியில் ஒரு தகவல் வரும். காட்டுக்குள் சிக்னல் கிடைக்காமல் போகலாம், அந்த நேரத்தில் செய்தி இல்லை என்று பதற வேண்டாம். கைச்செலவுக்கு 100 ரூபாய்க்குமேல் கொடுக்காதீர்கள்.

கட்டணம் 450 ரூபாய். கட்ட முடியாதவர்கள் என்னிடம் நேரில் சொல்லுங்கள், பிள்ளைக்குத் தெரிய வேண்டியதில்லை.

ஒப்புதல் சீட்டு ஜனவரி 30, வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் வந்து சேர வேண்டும். கையெழுத்தைப் பிள்ளைகளே போட்டுக் கொண்டுவந்தால் எனக்குத் தெரிந்துவிடும். பிப்ரவரி 4, புதன்கிழமை மாலை 5 மணிக்குப் பள்ளியில் ஒரு கூட்டம் வைத்திருக்கிறேன். டிரைவர்கள் இருவரும் வருவார்கள், நேரில் பார்த்துப் பேசலாம். அறுப்பு நேரம் என்று தெரியும், அப்பா வர முடியாவிட்டால் அம்மாவோ தாத்தா பாட்டியோ யாராவது ஒருவர் வந்தால் போதும். பயணத்தன்று மாலை பிள்ளையைக் கூட்டிப்போக யார் வருவார்கள் என்பதையும் அந்தக் கூட்டத்திலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்