அப்பத்தா சொன்னதும் ஜார்க்கண்டில் நிரூபித்ததும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைக்கு இப்போது தேவலை. ராஞ்சியில் குளிர் ஆரம்பித்துவிட்டதாமே, கம்பளி வாங்கிவிட்டாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

ஜார்க்கண்டில் காசநோயாளிகளுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் சாப்பாட்டுப் பை கொடுத்துப் பார்த்த ஆய்வைப் பற்றி நீ அனுப்பிய லான்செட் மருத்துவ இதழ்க் கட்டுரையை முக்குக் கடையில் பிரிண்ட் எடுத்துப் படித்தேன். போனில் படித்தால் கண் பூத்துப்போகிறது. கட்டுரைக்குக் கீழே நீ எழுதியிருந்ததைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. "நல்லா சாப்பிட்டா நோய் அண்டாதுன்னு அப்பத்தாவே சொல்லும். இதுக்கு இவ்வளவு பெரிய ஆராய்ச்சியாப்பா?" போனில் பதில் சொன்னால் பாதியிலேயே "சரிப்பா, சரிப்பா" என்பாய். அதனால்தான் கடிதம்.

அப்பத்தாவுக்குத் தெரியும்தான். ஆனால் அப்பத்தா சொன்னார் என்று எந்த அரசாங்கமும் நிதி ஒதுக்காது. அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. அப்பத்தா சொன்னது தேவையில்லை என்று உலகமே நம்புவதற்குக் காரணமாக இருந்த ஆய்வும் நம் ஊரில்தான் நடந்தது.

நீ படிக்கும் காலத்தில் சென்னை சேத்துப்பட்டில் ஒரு கட்டடத்தைக் காட்டியிருக்கிறேன், இப்போது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். 1956-இல் அது தொடங்கியபோது அதற்குப் பெயர் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம். அதுவரை டி.பி. வந்தால் சானடோரியம்தான். நல்ல காற்று, முழு ஓய்வு, பால், முட்டை, கறி. தாம்பரத்தில் டாக்டர் சௌரி முத்து 1928-இல் ஆரம்பித்த சானடோரியத்தின் பெயரில் இன்றைக்கும் ஒரு ரயில் நிலையமே இருக்கிறது. ஆனால் நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள், படுக்கையோ கொஞ்சம். அதனால் வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டரும் நம் ஆட்களும் ஒரு காரியம் செய்தார்கள். சென்னையின் ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, பாதிப் பேரை சானடோரியத்துக்கும் பாதிப் பேரை அவரவர் வீட்டுக்கும் அனுப்பினார்கள். இரு தரப்புக்கும் ஒரு வருஷம் ஒரே மருந்துகள், ஐசோனியசிடும் பி.ஏ.எஸ். என்பதும். வீட்டில் இருந்தவர்களுக்கு இடுக்கமான அறை, அரைகுறைச் சாப்பாடு, கொஞ்சம் தெம்பு வந்ததும் வேலை. அப்படியும் வருஷக் கடைசியில் வீட்டுக்காரர்களும் ஏறக்குறைய சானடோரியத்துக்காரர்கள் அளவுக்கே குணமாகியிருந்தார்கள். வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. 1959-இல் இது வெளிவந்ததும் ஊர் ஊராக சானடோரியங்களை மூட ஆரம்பித்தார்கள். பணக்கார நாடுகளிலும் மூடினார்கள். நம் சென்னை உலகத்துக்குக் கொடுத்த பெரிய கொடை அது, அதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.

ஆனால் அதோடு சேர்ந்து சாப்பாடும் மறந்துபோனது. நான் சுகாதார இலாகாவில் சேர்ந்தபோது பயிற்சியில் சொன்னதெல்லாம் மாத்திரை, மாத்திரை, மாத்திரை. சிகிச்சை அட்டையில் எடைக்கு ஒரு கட்டம் உண்டு. எத்தனை மாத்திரை என்று கணக்குப் போட அந்த எடை வேண்டும். வேறு எதற்கும் அதை யாரும் பார்த்ததில்லை.

சென்னை ஆய்வு கேட்ட கேள்வி, சாப்பாடு சரியில்லாத வீட்டிலும் மருந்து கிருமியைக் கொல்லுமா என்பது. கொல்லும் என்று பதில் வந்தது, அது இன்றைக்கும் சரி. எலும்பும் தோலுமாக வருகிறவர் முதல் இரண்டு மாதம் தாண்டுவாரா என்றோ, அந்த வீட்டில் அடுத்து யார் படுக்கப்போகிறார் என்றோ அது கேட்கவில்லை. ஜார்க்கண்டில் இந்த ஆய்வை நடத்திய டாக்டர்கள் அனுராக் பார்கவாவும் மாதவி பார்கவாவும் கேட்டது அதைத்தான்.

கட்டுரையை நீயும் படித்திருப்பாய், ஆனால் எண்களை வேகமாகத் தாண்டியிருப்பாய் என்று நினைக்கிறேன். நான்கு மாவட்டங்கள், 28 காசநோய் அலகுகள், அதாவது ஒவ்வொரு வட்டாரத்திலும் டி.பி. சிகிச்சையைக் கவனிக்கும் அரசு அமைப்புகள். சளியில் கிருமி உறுதியான 2,800 நோயாளிகள், அவர்களோடு ஒரே வீட்டில் இருந்தவர்கள் 10,345 பேர். பெரும்பாலும் பழங்குடிக் குடும்பங்கள். 2019 ஆகஸ்டில் தொடங்கி 2022 ஜூலை வரை பின்தொடர்ந்திருக்கிறார்கள், நடுவில் கொரோனா ஊரடங்கு வேறு! நோயாளிகள் எல்லோருக்கும் மாதம் 10 கிலோ பை: அரிசி, பருப்பு வகை, பால் பவுடர், எண்ணெய், கூடவே வைட்டமின் மாத்திரை. குலுக்கல் போட்டு எடுத்த பாதி அலகுகளில் மட்டும் வீட்டில் இருந்த மற்றவர்களுக்கும் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் வைட்டமினும். குழந்தைக்கு அதில் பாதி. அவ்வளவுதான், புது மருந்தும் இல்லை, ஊசியும் இல்லை. பை போன வீடுகளில் புதிதாக டி.பி. வந்தவர்கள் மற்ற வீடுகளைவிட 39 சதவீதம் குறைவு. சளியில் கிருமி காட்டும் நுரையீரல் டி.பி.யை மட்டும் எடுத்தால் 48 சதவீதம், ஏறக்குறைய பாதி. முப்பது வீட்டுக்குப் பை கொடுத்தால் ஒரு புது நோயாளியைத் தடுக்கலாம் என்று கணக்கும் போட்டிருக்கிறார்கள்.

வீட்டுக்கே பை என்று யோசித்தவர்கள் களத்தில் இறங்கிப் பார்த்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். அறந்தாங்கிப் பக்கம் ஒரு கிராமத்தில் ஒரு பெண்மணிக்கு ஒரு தொண்டர் மாதாமாதம் முட்டையும் சத்துமாவும் கொடுத்து வந்தார். எடை ஏறவே இல்லை. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறார், சளியில் கிருமியும் இல்லை. ஒரு நாள் சாயங்காலம் சொல்லாமல் போனேன். திண்ணையில் மூன்று பிள்ளைகள், ஆளுக்கு ஒரு முட்டை. அந்த அம்மா உள்ளே பழைய சோற்றுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். "நீ சாப்பிடலையாம்மா?" என்றால், "பெத்த வயித்துக்கு எறங்குமா சார்?" என்கிறார். இதற்கு என்ன அறிவுரை சொல்லிவிட முடியும்? வீட்டில் எல்லோருக்கும் சேர்த்துக் கொடுத்தால்தான் நோயாளியின் பங்கு நோயாளி வயிற்றுக்குப் போகும்.

இன்னொன்று, இதை எந்தக் கட்டுரையும் சரியாக எழுதுவதில்லை. டி.பி. முற்றியவருக்குப் பசியே இருக்காது. மாத்திரை தொடங்கிச் சில வாரத்தில் பசி திரும்பும், சும்மா இல்லை, கொலைப்பசி. வீட்டில் சாப்பாடு இருந்தால் அது நல்ல அறிகுறி. இல்லாவிட்டால்? வெறும் வயிற்றில் அத்தனை மாத்திரையையும் போட்டு வாந்தி எடுத்து, "இந்த மாத்திரை ஆகலை சார்" என்று நிறுத்திவிடுவார்கள். அட்டையில் 'சிகிச்சையைக் கைவிட்டவர்' என்று எழுதுவோம். நீ களத்துக்குப் போகும்போது அப்படி ஒருவரைப் பார்த்தால் முதலில் காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேள். குடித்துவிட்டுத்தான் நிறுத்தினார் என்று பக்கத்தில் நிற்கிறவர் சொல்வார், அதை உடனே நம்பாதே.

நோயாளிகளைப் பற்றித் தனியாக வந்த கட்டுரையில், சேர்ந்தவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் எடை குறைந்தவர்கள் என்று போட்டிருக்கிறது. முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் கூடியவர்களுக்கு இறக்கும் அபாயம் 61 சதவீதம் குறைவு. 35 கிலோ ஆள் என்று வை, ஒன்றே முக்கால் கிலோ ஏற வேண்டும். நீ உடனே குறுக்கே வருவாய்: எடை கூடியதால் பிழைத்தார்களா, பிழைக்கப் போகிறவர்களுக்கு எடை கூடியதா? நல்ல கேள்வி. நோயாளிகள் எல்லோருக்குமே பை போனதால், பை இல்லாத நோயாளியோடு ஒப்பிட வழியில்லை. பட்டினி கிடக்கும் நோயாளியிடம் உனக்குப் பை கிடையாது என்று சொல்ல, ஆய்வுக்கு அனுமதி தரும் எந்த நெறிக்குழு ஒப்பும்? அதனால் அந்த 61-ஐ அந்த 39-க்குச் சமமாக வைக்காதே. 39 குலுக்கல் போட்டுக் கிடைத்தது, 61 குலுக்கல் இல்லாமல் கவனித்துப் பார்த்து மட்டும் கிடைத்தது. வீட்டார் விஷயத்திலும் யாருக்குப் பை போனது என்பது எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது, அதை மறைக்க வழியில்லை. ஆனால் கொரோனா காலத்தில் ரேஷனில் எல்லோருக்கும் கூடுதல் அரிசி இலவசமாகப் போனதே, அதை மீறியும் வித்தியாசம் தெரிந்திருக்கிறது. அதனால் எனக்கு நம்பிக்கைதான்.

உலகத்தில் நாலில் ஒருவர் உடம்பில் இந்தக் கிருமி இருக்கிறது என்கிறார்கள். அதில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் வாழ்நாளில் நோயாக மாறும். மற்றவர்களுக்குக் கிருமி உள்ளேயே அடங்கிக் கிடக்கும், உடம்பு அதைக் காவல் காக்கிறது. காவல்காரனுக்குச் சம்பளம் கொடுக்காமல் விட்டால் என்ன ஆகும், அதுதான் எடை குறைந்த உடம்பில் நடப்பது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பக்கம் பாப்வொர்த் என்று ஒரு குடியிருப்பு, 1918-இல் நோயாளிகளைக் குடும்பத்தோடு குடிவைத்து, வேலையும் கூலியும் நல்ல வீடும் சாப்பாடும் கொடுத்தார்கள். அங்கே பிறந்த பிள்ளைகளுக்குக் கிருமி தொற்றியது, நோயாக முற்றியது அரிது. மருந்தே கண்டுபிடிக்காத காலம் அது. பார்கவா குழுவினர் ஜார்க்கண்டுக்கு முன்னாலேயே அந்தப் பழைய பதிவுகளைத் தோண்டி எடுத்து எழுதியிருக்கிறார்கள். தேடிப் படி, நன்றாக இருக்கும்.

நம் ஊர்க் கதையும் ஒன்று சொல்ல வேண்டும், அங்கே உன் அதிகாரிகளிடம் பேச உதவும். 2022 ஏப்ரலில் இங்கே தமிழ்நாட்டில் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' வந்தது. நோய் கண்டுபிடித்த அன்றே நர்ஸோ களப்பணியாளரோ சிலவற்றைப் பார்க்க வேண்டும்: உயரம், எடை, காலில் வீக்கம், மூச்சு நிமிடத்துக்கு எத்தனை, விரலில் மாட்டும் கருவியில் ஆக்ஸிஜன் எவ்வளவு, பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்கிறாரா. லேப் வேண்டாம், டாக்டர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஒன்றில் தேறாவிட்டாலும் ஆஸ்பத்திரியில் சேர்த்துக் கவனிக்க வேண்டும். சென்னை ஆய்வு நோயாளியை வீட்டுக்கு அனுப்பியது, இந்தத் திட்டம் அவர்களில் யாரை அனுப்பக்கூடாது என்று பிரித்துக் காட்டுகிறது. எனக்கு இதில் பிடித்தது அந்த எழுந்து நிற்கும் சோதனை. காசு செலவில்லை, ஏமாற்றவும் முடியாது.

பணமும் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. 2018-இலிருந்து நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்கில் வந்தது, 2024 நவம்பரிலிருந்து 1,000 ஆக்கினார்கள். லான்செட்டில் அந்த எண்கள் வராமல் இருந்திருந்தால் இது நடந்திருக்குமா என்பது சந்தேகம்தான். உன் கேள்விக்கு இதுவும் ஒரு பதில். ஆனால் பணம் வேறு, பை வேறு. பணம் தாமதமாக வரும், வந்ததும் கடன்காரர் வாசலில் நிற்பார். பையிலும் ஒரு சங்கடம் உண்டு: பை வருகிற வீடு எது என்று தெருவுக்கே தெரிந்துவிடும். கல்யாணமாகாத பெண் இருக்கும் வீட்டில் "சார், நீங்க வராதீங்க, நாங்களே வந்து வாங்கிக்கிறோம்" என்பார்கள். இருட்டின பிறகு வருவார்கள். வெட்கமும் பயமும் ஒருவரை எப்படி மாத்திரையை நிறுத்த வைக்கின்றன என்பதை மனநலம் படித்த யாராவது உன் குழுவில் இருந்தால் அவர்களோடு சேர்ந்து கேட்டுப் பார். ஜார்க்கண்ட் எண்களுக்குள் அது தெரியாது.

எனக்கு நீ செய்ய வேண்டியது இரண்டு. உன் கிராமங்களில் அந்த 1,000 ரூபாய் எந்த மாதத்தில் யார் கைக்கு வருகிறது என்று விசாரித்து எழுது. கணவர் கணக்கா, மாமியார் கணக்கா, நோயாளியின் சொந்தக் கணக்கா என்பதையும் சேர்த்து. அப்புறம் எடைக் கருவியைக் காலையில் கிளம்பும்முன் ஒரு முறை சரிபார்த்துக்கொள். ஜீப்பில் குலுங்கிக் குலுங்கி முள் நகர்ந்துவிடும். அரைக் கிலோ தப்பானால் நீ எழுதும் எதற்கும் அர்த்தமில்லை.

அம்மா பருப்புப்பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் கட்டி வைத்திருக்கிறாள். திங்கட்கிழமை பார்சலில் போடுகிறேன். போன முறை ஊறுகாய் எண்ணெய் வழிந்து உன் புத்தகம் கெட்டதே, இந்தத் தடவை இரண்டு கவர் போட்டிருக்கிறது.

அன்புடன்,
அப்பா