மதினியிடம் வந்து சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய போதகர் ஐயரவர்களுக்கும் சபை மூப்பர்களுக்கும், கர்த்தருக்குள் ஸ்தோத்திரம்.

அண்ணனை அடக்கம்பண்ணிய மூன்றாம் நாள் எங்கள் வீட்டு ஜெபத்தில் பேசப்பட்டது உங்கள் எல்லாருக்கும் தெரியும். "91ஆம் சங்கீதத்தை விசுவாசத்தோடு சொல்லுகிற வீட்டை வாதை அணுகாது" என்றார் ஒரு மூப்பர். யாரும் மறுத்துப் பேசவில்லை. நானும் பேசாமல் இருந்துவிட்டேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

மதினிக்கு வேதாகமத்திலுள்ள அந்தச் சங்கீதம் மனப்பாடம். அண்ணன் வேலைக்குக் கிளம்பும்போது பிள்ளைகளையும் கூப்பிட்டு நிறுத்தி, 16 வசனத்தையும் சொல்லி முடித்த பிறகுதான் கேட்டைத் திறப்பார்கள். காய்ச்சலில் அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்த ஒன்பது நாளும் வராந்தாவில் உட்கார்ந்து அதையேதான் சொன்னார்கள். இப்போது ராத்திரி தூக்கம் வராமல் என்னிடம் கேட்கிறார்கள்: "நான் எந்த வசனத்தை விட்டுட்டேன், தம்பி?"

இதற்கு என்ன பதில் சொல்ல, ஐயா? அந்த மூப்பர் மதினியிடம் நேரில் வந்து, தான் சொன்னது தவறு என்று சொல்ல வேண்டும். நான் கேட்பது இதுதான்.

சங்கீதத்தின்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. "ஆபத்தில் நானே அவனோடிருந்து" என்று 15ஆம் வசனம் சொல்லுகிறதே, ஆபத்தே வராது என்றா அதற்கு அர்த்தம்? இயேசுவைத் தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்தி, குதிக்கச் சொன்ன பிசாசு எடுத்துக்காட்டியதும் இதே 91ஆம் சங்கீதத்தைத்தான். ஆண்டவர் குதிக்கவில்லை. சிலுவையில், "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று 22ஆம் சங்கீதத்தைச் சொல்லிக் கதறினார். ஜீவனை விடும்போது, "உமது கையில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்" என்றார். அது 31ஆம் சங்கீதம்; கர்த்தரை அடைக்கலமான அரண் என்று பாடுகிற சங்கீதம். அவருக்கும் விசுவாசம் குறைவு என்பீர்களா?

புது வருஷ ராத்திரி ஆராதனையில் ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை கொடுக்கிறீர்கள். எல்லாம் ஆசீர்வாத வசனம். இத்தனை வருஷத்தில், துக்கக் கதறலாகவே முடிகிற 88ஆம் சங்கீதத்தில் ஒரு பிரசங்கம் கேட்டிருக்கிறோமா? 44ஆம் சங்கீதத்தில் ஜனங்கள், இவ்வளவு வந்தும் உம்மை மறக்கவில்லையே என்று தேவனிடமே முறையிடுகிறார்கள். அதைக் கேட்டிருந்தால் துக்க வீட்டில் பேசுகிற வாய்க்குக் கொஞ்சம் பயம் வந்திருக்கும். ஆஸ்பத்திரிக்கு ஜெபிக்கப் போகிறவர்களும், சாவு வீட்டுக்குப் போகிறவர்களும் முதலில் படிக்கவேண்டியது அந்தச் சங்கீதங்களைத்தான்.

சரி, ஆதங்கத்தில் எங்கெங்கோ போய்விட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து அந்த மூப்பரை மதினியிடம் அனுப்புங்கள். ஐயரவர்களும் கூட வந்தால் நல்லது. மதினி இப்போது பிள்ளைகளை மட்டும் கோவிலுக்கு அனுப்பிவிட்டு வீட்டிலேயே இருக்கிறார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வரலாம். வந்து மன்னிப்புக் கேட்டபின், 56ஆம் சங்கீதத்தில் கண்ணீரைத் தேவனுடைய துருத்தியில், அதாவது தோல்பையில், வைக்கச்சொல்லுகிற அந்த 8ஆம் வசனத்தை வாசித்து ஜெபியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சபையைச் சேர்ந்த ஒருவன்