மலைக் கிழங்கை வளவுக்குக் கொண்டுவராதீர்கள்

செட்டிநாட்டில் கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடிப் பக்கம் பழைய வீடுகளை விடுதியாக நடத்துகிறவர்களுக்கும், அங்கே செடிகொடிகளைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும்,

வணக்கம்.

ஆவணி, புரட்டாசியில் கொடைக்கானல் போய்த் திரும்பும் வண்டிகளில், ஈரச்சாக்கு சுற்றிய ஒரு செடி சில வளவுகளுக்கு, அதாவது வீட்டு நடுமுற்றங்களுக்கு, வந்து சேர்கிறது. முழ உயரத் தண்டு, அடியில் தடித்த இலை இரண்டு மூன்று, உச்சியில் நெருக்கமான ரோஸ் நிறப் பூக்கதிர். தாவரவியலில் இதன் பெயர் சடீரியம் நேபாலென்ஸே. ஈரம் சுரக்கும் மலைப் புல்வெளிகளில் தரையில் வளரும் ஆர்க்கிட். இதை வாங்காதீர்கள், தோண்டிவரவும் யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளவே எழுதுகிறோம். கூடாது என்று மட்டும் சொன்னால் எந்தத் தோட்டக்காரரும் கேட்கமாட்டார். அதனால் காரணங்களையும் சொல்லிவிடுகிறோம்.

முதலில் பூ. பெரும்பாலான ஆர்க்கிட்களில் கீழ்ப்பக்கம் விரிந்திருக்கும் உதட்டிதழ், இதில் மேலே முக்காடு போட்டதுபோல் கவிந்திருக்கும். அதன் பின்னாலிருந்து மெல்லிய குழல்கள் இரண்டு கீழே தொங்கும். தேன் இருப்பது அந்தக் குழல்களுக்குள். ஒரு பூவுக்கு இரண்டு தேன்குழல் என்பது ஆர்க்கிட்களில் எல்லாவற்றுக்கும் வாய்ப்பதல்ல.

சங்கதி மண்ணுக்கடியில் இருக்கிறது. பூக்கும் நேரத்தில் தோண்டினால் இரண்டு கிழங்குகள் கிடைக்கும். ஒன்று தோல் தளர்ந்து சுருங்கியிருக்கும். இந்த வருஷத்து இலைக்கும் பூவுக்கும் செலவாகிப்போனது. மற்றது வெளுத்து, விறைப்பாக, சிறியதாக இருக்கும். அது அடுத்த வருஷத்துக்கானது. பூ உதிர்ந்து, காய் முற்றி, இலை பழுத்து மடங்கும்வரை அந்தப் புதுக்கிழங்குக்குள் மாவுச்சத்து இறங்கிக்கொண்டே இருக்கும். அதற்குப் பிறகு மலையின் குளிர்மாதங்களையும் வறட்சியையும் மண்ணுக்குள்ளேயே கழித்துவிட்டு, மழை பிடித்ததும் முளைக்கும். பூவோடு பிடுங்குகிறவர் பழைய இருப்பு தீர்ந்து புதிய இருப்பு நிறையாத சமயமாகப் பார்த்துப் பிடுங்குகிறார்.

தொட்டியில் வைத்ததும் நடப்பது எப்போதும் ஒன்றுதான். தண்டில் இருக்கிற நீரைக் கொண்டே மிச்ச மொட்டுகள் சில நாள் மலரும். செடி பிடித்துக்கொண்டது என்று நினைப்போம். பிறகு இலைநுனி கருகும், இலை மஞ்சளாகும். தண்ணீர் போதவில்லை என்று கூடுதலாக ஊற்றுவோம். சூடேறிய ஈரமண்ணில் அரைகுறைக் கிழங்கு அழுகும். அடுத்த ஆடியில் தொட்டியில் மண்தான் மிஞ்சும். காரைக்குடியின் சம்பை ஊற்றுத் தண்ணீரையே கொண்டுவந்து ஊற்றினாலும் இதுதான் கதி, ஏனென்றால் குறை தண்ணீரில் இல்லை, ராத்திரியில் இருக்கிறது. இந்தச் செடி வளரும் மாதங்களில் மலையில் இரவு நன்றாகக் குளிரும். நம் ஊரில் அதே மாதங்களில் இரவிலும் வெப்பம் அவ்வளவாகத் தணியாது. பகலில் இலை சேர்த்த சர்க்கரையை வெப்ப இரவில் செடி தானே எரித்துத் தீர்த்துவிடும். கிழங்குக்குப் போக ஒன்றும் மிஞ்சாது.

விதைபோட்டு வளர்க்கலாமே என்று கேட்பீர்கள். ஆர்க்கிட் விதை தூசி மாதிரி. முளைக்குத் தேவையான உணவு அதற்குள் கிடையாது. மண்ணிலுள்ள பூஞ்சை உள்ளே புகுந்து ஊட்டினால்தான் முளைக்கும். அந்த மண்ணையும் குளிரையும் சாக்கில் கட்டிக் கொண்டுவர முடியாது.

மலையிலும் இந்த ஈரப் புல்வெளி மிச்சமிருப்பது கொஞ்சம்தான். கொடைக்கானல் ஏரியே 1863-இல், மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் ஒரு சதுப்பை அணைகட்டித் தேக்கியது. (அன்று நம் சிவகங்கைச் சீமையும் மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது.) பின்னால் வந்த சீகை (வாட்டில் மரம்), யூகலிப்டஸ், பைன் தோப்புகள் புல்வெளிகளை மூடின. எஞ்சிய இடத்தில் கூட்டம் ஒரே தடத்தில் நடந்தால் மண் இறுகி, தடம் வாய்க்காலாகிவிடும். இருபுறமும் நிற்கவேண்டிய நீர் அதன்வழியே வடிந்துவிடும். உங்கள் விருந்தினரை மலைக்கு அனுப்பும் வழிகாட்டிகளிடம் பாறையிலோ ஓரத்திலோ நடக்கச் சொல்லுங்கள். படத்துக்காகப் புல்லை மிதித்துப் படுக்கவைக்க வேண்டாம். காப்புக்காட்டிலிருந்து அனுமதியின்றிச் செடியை எடுப்பது 1882-ஆம் ஆண்டு வனச் சட்டப்படி குற்றம் என்பதையும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

வளவு வாசலுக்கு ஈரத்தில் பூக்கிற ஒன்று வேண்டும் என்றால் நம் ஊரணியிலேயே அல்லி இருக்கிறது. செங்காந்தளை நாங்கள் சொல்லமாட்டோம்; அழகுதான், ஆனால் கிழங்கு கடும் விஷம், பிள்ளைகள் ஓடியாடும் இடத்துக்கு ஆகாது. அல்லி மாலையில் விரிந்து மறுநாள் முற்பகல்வரை திறந்திருக்கும். இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும் விருந்தினருக்கு அதைவிடப் பொருத்தமான பூ இல்லை.

தொட்டி இரண்டடி அகலம், ஒன்றரையடி ஆழம் இருக்கட்டும். பழைய கல்தொட்டியானால் உத்தமம். புதுச் சிமெண்டுத் தொட்டி சுண்ணாம்பைக் கக்கும். இரண்டு மூன்று வாரம் தண்ணீர் நிரப்பி நிரப்பிக் கொட்டிவிட்டே நடவேண்டும். நிறையப் பேருக்கு இலை கருகுவது இதனால்தான். அடியில் அரையடிக்குக் கரம்பை, அதாவது கண்மாயின் வண்டல் களிமண், போடுங்கள். எரு கலக்கவே கூடாது, தண்ணீர் பச்சைபிடித்து நாறும். கிழங்கின் முளை கரம்பைக்கு மேலே தெரிய வேண்டும். முளையை விட்டுச் சுற்றிலும் ஓரங்குலத்துக்கு ஆற்றுமணல் பரப்பினால் கரம்பை கலங்காது. முதலில் நாலு விரற்கடைத் தண்ணீர் போதும், இலை நீள நீள ஏற்றலாம். எடுத்த எடுப்பிலேயே விளிம்புவரை நிரப்பினால் இளங்குருத்து மேலே வரும் முன்னே ஓய்ந்துவிடும்.

தினம் ஐந்து மணிநேரமாவது நேர்வெயில் விழவேண்டும். தூண் நிழலில் வைத்தால் இலை மட்டும்தான் வரும். மேலே ஓட்டுச்சரிவு நெருங்கிய வளவில் உச்சிவெயில் மட்டும் இறங்கும் என்றால், தொட்டியை முகப்புக்கு வெளியே வையுங்கள். கொசுவுக்கு ஊரணியிலிருந்து பொடிமீன் நாலைந்து விட்டால் போதும். பழுத்த இலையைக் காம்போடு அறுத்தெடுங்கள், கிடந்தால் அழுகும்.

இன்னொன்று, செலவே இல்லாதது. ஊரணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலுக்குச் சிமெண்டுத் தளம் போடும் பேச்சு உங்கள் ஊரில் வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஐப்பசி மழைக்குப் பிறகு ஈரம் நிற்கும் அந்த மண்கரையில் நீர்முள்ளி ஊதாவாகப் பூக்கும், நீர்ப்பிரமி படரும், பொடுதலை தரையோடு தரையாக வெண்மொட்டு வைக்கும். அதுதான் நம் ஊர் ஈரப் புல்வெளி.

கரம்பை எடுக்க ஏற்ற காலம் கண்மாய் வற்றும் பங்குனி, சித்திரை. வட்டாட்சியரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டியிருக்கும், மாசியிலேயே தொடங்கிவிடுங்கள்.

இப்படிக்கு,
செட்டிநாட்டுச் செடிகொடிகளைக் கவனித்துவரும் சிலர்