கேட் முடிவு வந்த பிறகு கைநழுவும் இடங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொறியியல் படிப்பு முடிந்ததும் என்ன என்ற பேச்சு, வளாகத் தேர்வில் எத்தனை லட்சம் சம்பளம் என்பதோடு நின்றுவிடுகிறது. எம்.டெக். படிக்க ஆசைப்படும் பிள்ளைகளும் நம் கல்லூரிகளில் இருக்கிறார்கள். ராப்பகலாகப் படித்து, அதற்கான தேசிய நுழைவுத் தேர்வான கேட் தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் வாங்குகிறார்கள். ஆனால், மார்ச்சில் முடிவு வந்த பிறகு செய்ய வேண்டியதைச் சொல்லித்தர ஆளில்லாமல் கையில் வந்த இடத்தைக் கோட்டைவிடுகிறார்கள்.

முதலில் சான்றிதழ். பிசி, எம்பிசி மாணவர்கள் பள்ளிக் காலத்தில் வாங்கிய சாதிச் சான்றிதழே எங்கும் செல்லும் என்று நம்புகிறார்கள். ஐஐடி, என்ஐடிகளில் இதர பிற்படுத்தப்பட்டோருக்கான (ஓபிசி) 27 சதவீத ஒதுக்கீட்டுக்கு அது போதாது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமிலேயர் (வசதி படைத்த பிரிவு) அல்லாத ஓபிசி சான்றிதழ் தனியாக வேண்டும்; அதுவும் பொதுவாக அந்த நிதியாண்டில், அதாவது ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் விஏஓ, வருவாய் ஆய்வாளர் விசாரணை முடிந்து வட்டாட்சியர் கையொப்பமாகி வர நாளாகும். விண்ணப்பத்தின் கடைசி நாளுக்கு முந்தின வாரம் ஓடினால் கிடைக்காது. இன்னொன்று: அப்பாவின் சம்பளம் கிரீமிலேயருக்கான ஆண்டு வருமான வரம்பான 8 லட்சத்தைத் தாண்டுகிறது என்று விண்ணப்பிக்காமலே விட்டுவிடும் குடும்பங்கள் உண்டு. அந்த 8 லட்சக் கணக்கில் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. பெற்றோரின் பதவி நிலையைத் தனியாகப் பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

அடுத்து, ஐஐடிகளின் எம்.டெக். இடங்களுக்கான பொதுத் தளமான சி.ஓ.ஏ.பி. அதில் பதிவு செய்துவிட்டால் எல்லா ஐஐடிக்கும் விண்ணப்பித்ததாக ஆகிவிடும் என்பது பரவலான தவறான எண்ணம். ஒவ்வொரு ஐஐடிக்கும் அதனதன் தளத்தில் தனியாக விண்ணப்பித்துக் கட்டணம் கட்ட வேண்டும். எந்த நிறுவனம் இடம் தருகிறது என்று காட்டுவதும், அதற்கு நம் பதிலை வாங்குவதும்தான் சி.ஓ.ஏ.பி.யின் வேலை. என்ஐடிகளுக்கு சி.சி.எம்.டி. என்று வேறு கலந்தாய்வு. சி.ஓ.ஏ.பி.யில் ஒவ்வொரு சுற்றிலும் இடம் வந்தால் திரையில் மூன்று பொத்தான்கள் இருக்கும். ‘அக்செப்ட் அண்ட் ஃப்ரீஸ்’ கொடுத்தால் அதோடு முடிந்தது. அடுத்த சுற்றில் எதுவும் வராது. ‘ரீடெய்ன் அண்ட் வெயிட்’ என்றால் வந்த இடம் கையில் இருக்கும், அதைவிட நல்லது வருமா என்றும் பார்க்கலாம். ‘ரிஜெக்ட் அண்ட் வெயிட்’ கொடுத்தால் அந்த இடம் போனது போனதுதான். எதையும் அழுத்தாமல் விட்டாலும் மறுத்ததாகவே கொள்வார்கள். செமஸ்டர் தேர்வு நெருக்கத்தில் இரண்டு நாள் தளத்தைத் திறக்காமல் இருந்தாலே போதும், இடம் போய்விடும்.

உதவித்தொகையிலும் இதே கதைதான். கேட் தகுதியோடு, அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏஐசிடிஇ) அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் முழுநேர முதுநிலை சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய், 24 மாதங்களுக்குக் கிடைக்கும். அண்ணா பல்கலைக்கழகத்தின் சீட்டா தேர்வு மூலம் மட்டும் சேர்பவர்களுக்கு இது இல்லை. வீட்டு நிலைமை பார்த்து மேற்படிப்பை முடிவு செய்யும் மாணவருக்கு இந்த ஒரு தகவல் முன்பே தெரிந்திருக்க வேண்டும். வங்கிக் கணக்கு மாணவர் பெயரில் தனிக் கணக்காக இருக்க வேண்டும். அம்மாவோடு சேர்ந்த கூட்டுக் கணக்கு செல்லாது.

தேர்வைப் பற்றி ஒன்றுதான். மூன்றாம் ஆண்டிலேயே கேட் எழுதலாம்; மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும். கல்லூரி முடிக்கும்போது அதை வைத்தே விண்ணப்பிக்கலாம், இறுதியாண்டில் இன்னொரு முறை எழுதியும் பார்க்கலாம். பொதுத்துறை வேலைக்கு மட்டும் கவனம் வேண்டும். பல நிறுவனங்கள் அந்தந்த ஆண்டு மதிப்பெண்ணையே கேட்கின்றன.

பெயர் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். மதிப்பெண் பட்டியலில் முன்னெழுத்து மட்டும், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக என்று நம் ஊர்ப் பிள்ளைகளின் ஆவணங்கள் ஆளுக்கொரு விதமாக இருக்கின்றன. சரிபார்ப்பு மேசையில் நிற்கும்போது அதைத் திருத்த முடியாது. கேட் விண்ணப்பம் திறக்கும் ஆகஸ்டுக்கு முன்பே சரிசெய்து கொள்ள வேண்டும்.

வேலைவாய்ப்புப் பிரிவு இல்லாத பொறியியல் கல்லூரி இன்று அரிது. நிறுவனங்களை அழைத்து வரும் அதே பிரிவு, ஆறாம் செமஸ்டரில் ஒரு பிற்பகலை ஒதுக்கி இவற்றைச் சொல்லித்தரட்டும். ஏப்ரல் முதல் வாரத்தில் ஓபிசி சான்றிதழுக்கு விண்ணப்பித்தாயிற்றா என்று இறுதியாண்டு மாணவர் ஒவ்வொருவரையும் கேட்கட்டும். தங்கள் நாளிதழும் ஒவ்வொரு மார்ச்சிலும் ஐஐடி, என்ஐடி விண்ணப்பங்களின் கடைசி நாட்களை ஒரே பட்டியலாக வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
பொறியியல் கல்லூரி ஆசிரியர்கள் சிலர்