இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு மருந்து சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

காய்கறித் தோட்டத்துப் பூஞ்சை நோய்க்கு இயற்கை மருந்தா, ரசாயனமா என்று இரண்டு தரப்பும் உங்கள் பக்கத்தில் மாறி மாறி எழுதுவதைப் படித்து வருகிறேன். பந்தல் காய்கறி போடுகிறவன் என்ற முறையில் எனக்குப் பட்டது இது: இரண்டு பேருமே என்ன நோய் என்று கேட்காமல் மருந்து சொல்கிறார்கள்.

பாகல், பீர்க்கை எடுத்துக்கொள்வோம். இலைமேல் திருநீறு பூசின மாதிரி வெள்ளையாக இருந்தால் சாம்பல் நோய். நரம்புகளுக்கு நடுவே மஞ்சள் கட்டம் கட்டமாகத் தெரிந்து, பனி காயாத காலையில் இலையைத் திருப்பினால் அடியில் மங்கலான ஊதாப் பூசணம் படர்ந்திருந்தால் அது அடிச்சாம்பல். பெயர் ஒன்று போலத் தெரிகிறதே தவிர, முதல் நோய்க்குக் கேட்கிற, தண்ணீரில் கலந்து தெளிக்கிற நனையும் கந்தகம் இரண்டாவதை ஒன்றும் செய்யாது. கார்பன்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லியும் அப்படித்தான், ஏனென்றால் அடிச்சாம்பல் கிருமி அசல் பூஞ்சை இனமே இல்லை, பாசி வகைக்கு நெருங்கின சொந்தம். இலை சுருங்கித் தேமல் விழுந்தால் வைரஸாக இருக்கும், அதற்கு எந்தப் பூஞ்சைக்கொல்லி அடித்தாலும் காசு தண்டம். உரக்கடையில் போய் "இலை மஞ்சளாகுது" என்றால் போதும், அலமாரியில் எது கைக்கு எட்டுகிறதோ அது நம் பைக்கு வந்துவிடும்.

இயற்கைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. டிரைக்கோடெர்மா விரிடி நல்ல சரக்குதான், விதை கிலோவுக்கு 4 கிராம் கலந்து விதைத்தால் நாற்றழுகல் குறையும். ஆனால் அது உயிருள்ள பூஞ்சை. கடை வாசல் வெயிலில் மாதக்கணக்கில் கிடந்த பாக்கெட்டை, தேதிகூடப் பார்க்காமல் வாங்கி, செடி பாதி கருகின பிறகு ஊற்றினால் என்ன நடக்கும்? அப்புறம் போர்டோ கலவை, பூஞ்சை நோய்க்குத் தெளிக்கிற செம்பு மருந்து. மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 10 கிராம், சுட்ட சுண்ணாம்பு 10 கிராம், மொத்தம் 1 லிட்டர் தண்ணீர். தனித்தனியாக பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்க வேண்டும். பளபளப்பான இரும்புக் கத்தியை முக்கி எடுத்தால் செம்பழுப்புப் படியக் கூடாது, படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் இலை பொசுங்கும். இயற்கை விவசாயத்தில் இதற்கு அளவோடு அனுமதி உண்டு. ஆனால் செம்பு மக்காது, மண்ணிலேயே சேரும், மண்புழுவுக்கு ஆகாது. இயற்கை என்ற பெயரில் மாதம் தவறாமல் இதை அடிக்கிறவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

ரசாயனத் தரப்பு எடுத்ததற்கெல்லாம் மாங்கோசெப் என்ற பூஞ்சைக்கொல்லியைச் சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் அதன் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டாமென 2020-இல் முடிவெடுத்தது. அதே ஆண்டு நம் மத்திய அரசு தடை செய்ய உத்தேசித்த 27 மருந்துகளின் வரைவுப் பட்டியலிலும் அது இருந்தது, இன்னமும் கடையில் கிடைக்கிறது. பெரிய பந்தலில் மழைக்கு முன்னால் ஒரு தடவை அடிப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். வீட்டுத் தோட்டம் வேறு, அங்கே ஒருநாள் விட்டு ஒருநாள் வெண்டை பறிப்பார்கள், மருந்து அடித்தபின் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பதோ பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிற எழுத்தில் இருக்கிறது. கீரைப் பாத்திக்கு இந்தப் பேச்சே வேண்டாம்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த தடவை விவசாயப் பக்கத்தில் ஒவ்வொரு நோய்க்கும் இலையின் மேல்பக்கம், அடிப்பக்கம் இரண்டையும் வண்ணப் படமாகப் போடுங்கள், கூடவே காத்திருப்பு நாளையும் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
பந்தல் விவசாயி ஒருவர்,
ஒட்டன்சத்திரம்