செர்மாட் போகேக்க காரை எங்க விடுறது எண்டு கேட்ட மகளுக்கு

அன்பு மகள்,

மாசியில சிநேகிதரோட நாலு பேரா செர்மாட்டுக்கு ஸ்கீக்குப் போகேக்க காரை எங்க விடுறது எண்டு நேற்று போனில நீ கேட்டதுக்கு அப்பா ஒழுங்கா மறுமொழி சொல்லேல்ல, பஸ்ஸுக்குள்ள நிண்டனான், சத்தம். அதான் இருந்து எழுதுறன். வட்சப்பில துண்டு துண்டா அனுப்பினா நீ பாதியில விட்டிட்டு வேலைக்குப் போயிடுவாய். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில பத்து வருசம் படிச்சனி தானே, ஆறுதலா வாசி. உன்ர சிநேகிதப் பிள்ளையளுக்கு நீயே சொல்லு.

முதல் விசயம், செர்மாட் சுவிஸ் மலைக்குள்ள இருக்கிற ஸ்கீ ஊர், அதுக்குள்ள கார் போகாது. மலிவா ஒரு பார்க்கிங் ஊருக்குள்ள தேடிப் பார்ப்பம் எண்டு ஆரோ சொன்னதா சொன்னாய், அப்பிடி ஒண்டும் அங்க இல்லையம்மா. பெற்றோல் காரும் இல்லை, சொந்த மின்சாரக் காரும் இல்லை. உள்ளுக்க ஓடுறதெல்லாம் பெட்டி மாதிரி சின்னச் சின்ன மின்சார வண்டியள், ஹோட்டல்காரரிட்டயும் வேலை செய்யிற ஆக்களிட்டயும் தான் இருக்கு. செர்மாட்டுக்கு அஞ்சு கிலோமீற்றர் கீழ தேஷ் எண்டு ஒரு சின்ன ஊர், எல்லாரும் காரை அங்க தான் விட வேணும். தேஷ் தாண்டிப் போற ரோட்டுக்கு பெர்மிட் வேணும், தெரியாமல் உள்ளிட்டாலும் பொலிஸ் பிடிச்சா பெரிய காசு.

தேஷ் ஸ்டேசனிலயே பெரிய மூடின பார்க்கிங் ஒண்டு இருக்கு, 2,100 கார் விடலாம். நாளுக்கு 16 பிராங் அளவில வரும், போக முதல் ஒருக்கா பார், விலையை கூட்டிக் கூட்டிப் போறாங்கள். அங்க இருந்து 20 நிமிசத்துக்கு ஒரு ரெயின், 12 நிமிசத்தில மேல. ஒரு வழிக்கு ஆளுக்கு எட்டு பிராங் சொச்சம், ஹல்ப்டாக்ஸ் எண்ட அரை ரிக்கெட் கார்ட் இருந்தா பாதி. உன்னட்ட இருக்கு, மற்ற மூண்டு பேரிட்டயும் இருக்கோ எண்டு கேள். பார்க்கிங்கில சாமான் தள்ளுற வண்டில் இருக்கு, அதை அப்பிடியே ரெயினுக்குள்ள தள்ளிக்கொண்டு ஏறலாம், ஸ்கீ, சப்பாத்து, பை எல்லாத்தையும் தோளில போட்டுக்கொண்டு முறியாதையுங்கோ.

இதை விட மலிவா வேணுமெண்டா தேஷ்லயே தனியார் இடங்கள் கனக்க இருக்கு. ரோட்டால போகேக்க ரெண்டு பக்கமும் போர்ட் தெரியும், சிலது வெளி, சிலது கராஜ், நாளுக்கு கொஞ்சப் பிராங் குறைவா கிடைக்கும். ஆனா பிள்ளை, ரெண்டு விசயம் கேட்டிட்டுத்தான் விட வேணும். வெளியிலயா மூடினதா எண்டு ஒண்டு, ஏனெண்டா மாசியில ஒரு இரவுக்குள்ள அரை மீற்றர் பனி விழும், அதைக் கிண்டி காரை எடுக்கிறது ஒரு மணித்தியால வேலை. மற்றது மேல போறதுக்கு அவையின்ர ரக்ஸிக்கு வேறயா காசா, சேர்த்தா எண்டு. பார்க்கிங் மலிவெண்டு சொல்லிப்போட்டு ரக்ஸியில எடுத்துப்போடுவினம். நாலு பேர் சேர்ந்து போனா சில நேரம் ரக்ஸி ரெயினை விட லாபமாயும் வரும், அதால கூட்டிப் பார். கீழ பள்ளத்தாக்கில இருக்கிற ஃபிஸ்ப் ஸ்டேசனில விட்டிட்டு ரெயினில வாறதும் ஒரு வழி தான், தனி ஆள் எண்டா அதைத்தான் சொல்லுவன், ஆனா நாலு பேருக்கு ஃபிஸ்ப்பில இருந்து ரிக்கெட் எடுத்தா பார்க்கிங்கில மிச்சம் பிடிச்சது முழுக்க அதுக்குள்ள போயிடும்.

ரோட்டுக் கரையில விடுற யோசனை வேண்டாம். நீலக் கோடு போட்ட இடத்தில வந்த நேரம் காட்டுற டிஸ்க் வைச்சு ஒரு மணித்தியாலம் தான் நிக்கலாம், மஞ்சள் கோடு ஆற்றயோ தனி இடம். 1994 இல கீழ பள்ளத்தாக்கில ஒரு ஊரில நீலக் கோட்டுக்குள்ள விட்டிட்டு டிஸ்க்கைத் திருப்ப மறந்து போனன், திரும்பி வந்து பார்க்க கண்ணாடியில கடுதாசி. அது எனக்கு அப்ப ஒரு நாள் சம்பளத்தில அரைவாசி. இப்ப ரெண்டு மணித்தியாலம் வரைக்கும் 40 பிராங், அதுக்கு மேல போனா 60, 100 எண்டு ஏறும்.

நான் உனக்கு இதெல்லாம் சொல்லுறது எங்கயோ வாசிச்சிட்டு இல்லை. செர்மாட்டில ஒரு ஹோட்டல் குசினியில நாலு மாரி வேலை செய்தனான், உனக்கு இது மேலோட்டமாத்தான் தெரியும், நான் கதைச்சதும் இல்லை. முதல் கோப்பை கழுவினது, பிறகு மரக்கறி வெட்டினது. அப்ப அம்மா தூன்ல பெரியம்மா வீட்டில, நீ வயித்துக்குள்ள. கிழமையில ஒரு நாள் தான் லீவு. ரெயினுக்கு அவ்வளவு காசு குடுக்க ஏலாமல் ஒரு பழைய ரொயோட்டா வாங்கினன், பிறகு பார்த்தா அதை நிப்பாட்ட இடமில்லை. தேஷ்ல மாச வாடகைக்கு கேட்டா சம்பளத்தில அது ஒரு பெரிய துண்டு. கடைசியா ஒரு வயசான விவசாயி, மாட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்தில விடு, காசு வேண்டாம், பனி விழுந்தா கொட்டில் வாசலையும் சேர்த்து அள்ளி விடு எண்டார். எனக்கு அவர்ர டொச் பாஷை முழுக்க விளங்காது, அவருக்கு என்ர டொச் துப்பரவா விளங்காது. மூண்டு மாரி அந்த மனிசன்ர வாசலில பனி அள்ளினன். இரவு பதினொண்டரைக்கு வேலை முடிஞ்சு தேஷுக்கு இறங்கினா, மைனஸ் பதினைஞ்சில ரோச் லைற்றைக் கவ்விக்கொண்டு முதல் கொட்டில் வாசல், பிறகு கார். பின்னால அவர்ர மாடுகள் மூச்சு விடுற சத்தம் கேக்கும். நீ பிறந்த இரவும் அங்க இருந்து தான் வெளிக்கிட்டனான், அண்டைக்கு அவரும் எழும்பி வந்து சவல் பிடிச்சார்.

சரி, பாதையைச் சொல்லுறன். பாசலில இருந்து வாறதெண்டா பேர்ண், தூன், ஸ்பீட்ஸ், பிறகு கான்டர்ஸ்டெக். அங்க காரை ரெயினில ஏத்த வேணும், நீங்கள் காருக்குள்ளயே இருக்கலாம், கால் மணித்தியாலத்தில மலைக்கு அங்கால கோப்பன்ஸ்டைன். அது 1913 இல திறந்த பழைய சுரங்கம். 2007 இல திறந்த 34.6 கிலோமீற்றர் புதுச் சுரங்கத்துக்குள்ள கார் ஏத்தமாட்டினம், அது ரெயினில போற ஆக்களுக்கு. கார் ஏத்த ஒரு வழிக்கு முப்பது பிராங்குக்குக் கிட்ட வரும், அதையும் கணக்கில போடு. மாசியில பள்ளிக்கூட லீவு, சனிக்கிழமை எல்லாரும் ஹோட்டல் மாறுற நாள், பத்து மணிக்கு கான்டர்ஸ்டெக் போனா கியூவில கிடப்பியள்.

நீங்கள் முழுக்க ரெயினில வாங்கோ எண்டு சொல்லத்தான் எனக்கு விருப்பம், ரோட்டைப் பற்றி யோசிச்சுக்கொண்டு இருக்கத் தேவையில்லை. ஆனா பொய் சொல்லக்கூடாது, நாலு பேர் ஒரு காரில எண்டா காசளவில கார் தான் குறைய. தேஷ் பார்க்கிங், கார் ரெயின், மேல போற ரெயின் எல்லாம் கூட்டி நாலாப் பிரிச்சுப் பார்த்தனான். அதால காரில வாங்கோ. வின்ரர் ரயர் இருக்கோ எண்டு கார்க்காரப் பிள்ளையிட்ட கேள், சங்கிலியும் டிக்கியில இருக்கட்டும், ஓட்டோபான் எண்ட பெரிய ரோட்டில ஓட வருசத்துக்கு 40 பிராங் கட்டி எடுக்கிற விக்னெட்டும் பார். இந்த வருசத்துப் புதுசு இருக்க வேணும், போன வருசத்து விக்னெட் தை முடிய செல்லாது.

நான் யோசிச்சது என்னெண்டா, சனிக்கிழமை பாசலில இருந்து ஓடாமல் வெள்ளிக்கிழமை பின்னேரமே தூனுக்கு எங்கட வீட்டுக்கு வாங்கோ. எங்களுக்கு இருக்கிறது ஒரு பார்க்கிங் தான், என்ர காரை நான் மாமா வீட்டடியில கொண்டுபோய் விடுறன், உங்கட கார் எங்கட இடத்தில நிக்கட்டும். வெள்ளியே செர்மாட்டுக்குப் போறதோட பார்த்தா தேஷ்ல ஒரு நாள் பார்க்கிங் மிச்சம், செர்மாட்டில ஒரு இரவு ஹோட்டல் காசும் மிச்சம், அது தான் பெரிய காசு. பொடியள் ரெண்டு பேரும் ஹோலில படுக்கட்டும், நீங்கள் ரெண்டு பேரும் உன்ர அறையில. காலமை அஞ்சரைக்கு வெளிக்கிட்டா கான்டர்ஸ்டெக்கில சனம் இருக்காது, எட்டு மணிக்குள்ள தேஷ்ல நிப்பியள், அந்த நேரம் பார்க்கிங்கும் வெறுமையா இருக்கும். நான் எழுப்பி விடுறன், தேத்தண்ணி போத்தலில ஊத்தித் தாறன்.

தேஷுக்கு மேல போகேக்க ரான்டா எண்ட ஊர் வரும், வலப்பக்கம் பார். மலையில ஒரு பக்கம் அப்பிடியே இடிஞ்சு விழுந்த குவியல், 1991 இல ரெண்டு தரம் விழுந்து ரெயின் பாதையையும் ரோட்டையும் மூடினது. நான் வேலைக்குப் போகேக்க அது புதுசு, பஸ்ஸுக்குள்ள எல்லாரும் அந்த இடத்தில கதையை நிப்பாட்டிப் போடுவினம். 2018 தையிலயும் பனி மூடி, செர்மாட்டுக்குள்ள 13,000 பேர் அளவில வெளிய வர ஏலாமல் நிண்டவை, ஹெலிகொப்டரில தான் கொஞ்சப் பேரை இறக்கினது. பயப்பிடுத்தச் சொல்லேல்ல. ஞாயிறு பின்னேரம் பாதை மூடினா திங்கள் வேலைக்கு நேரத்துக்கு வந்துசேர ஏலாது, அதால வேலையிடத்தில முதலே சொல்லி வை. மருந்து, போன் சார்ஜர் ஒண்டையும் தேஷ்ல காருக்குள்ள விட்டிட்டுப் போகாத, கையோட வைச்சிரு.

இன்னொரு விசயம் கேக்கவேணும் பிள்ளை. நாலு மாரி அங்க இருந்தும் நான் ஒரு நாளும் ஸ்கீ காலில போடேல்ல. குசினி யன்னலால மட்டர்ஹோர்ன் மலை தெரியும், வடிவா தெரியும், அதில மேகம் நிண்டா தலைமைச் சமையல்காரர் சூப் கூடப் போடச் சொல்லுவார், ஆக்கள் வெள்ளன இறங்கி வந்திடுவினம் எண்டு. அந்த மேல் பக்கம் எப்பிடி இருக்கும் எண்டு எனக்குத் தெரியாது. நீ போய் மேல நிண்டு ஊரைப் பார்த்து ஒரு படம் எடுத்து அனுப்பு, உன்னையும் சேர்த்து. முடிஞ்சா தேஷ்ல ஸ்டேசனுக்குப் பின்னால ஆத்துப் பக்கம் நடந்து, அந்தக் கொட்டில் இன்னும் நிக்குதோ எண்டு பார். வாசல் கதவு பச்சை நிறம். அவர் இப்ப இருக்கமாட்டார்.

வெள்ளிக்கிழமை எத்தினை மணிக்கு வருவியள், உன்ர சிநேகிதரில ஆரும் மச்சம் சாப்பிடாத ஆக்களோ எண்டு அம்மாவுக்கு இண்டைக்கே மெசேஜ் போடு. அவ தோசைக்கு உழுந்து ஊறப்போட வேணுமாம்.

அன்புடன்
அப்பா