ஒட்டாத உறை

அன்புள்ள பாப்பாவுக்கு,

தாளைத் தொட்டதுமே தெரிந்திருக்கும், இது அம்மா குத்தின பிரெய்ல் எழுத்து என்று. நாலு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது.

ஆறு வயதில் உன்னை விடுதியில் விட்டுவிட்டு வந்தேன். வாராவாரம் இன்லாண்டு லெட்டர் போட்டேன். அதை யாராவது சத்தமாகப் படித்துக் காட்டுவார்கள், மற்றப் பிள்ளைகளும் சுற்றி உட்கார்ந்து கேட்கும் என்று நீ சொன்ன நாளிலிருந்து, எல்லார் காதிலும் விழக்கூடியதை மட்டும்தான் எழுதினேன். ஆடு குட்டி போட்டது, மழை இல்லை, அப்பா நலம்.

அந்தக் குறை என் மனதில் கிடந்து உறுத்திக்கொண்டே இருந்தது. பக்கத்துத் தெருவுக்குக் குடிவந்த டீச்சர் பாளையங்கோட்டையில் படித்தவர். 1890இல் ஆஸ்க்வித் அம்மையார் அங்கே பார்வையில்லாத பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கிய கதையைச் சொல்லித்தான் எனக்குப் பாடம் ஆரம்பித்தார். 247 எழுத்துக்கும் தனித்தனி வடிவம் இருக்குமோ என்று பயந்தேன். உயிர் 12, மெய் 18, ஆய்தம், மெய்க்குமுன் வைக்கிற ஒரு புள்ளி, இவ்வளவுக்குள் அடங்கிவிட்டது. 'அம்மா' என்று எழுத ஐந்து கட்டம்: அ, புள்ளி, ம, ம, ஆ. 'கொ' என்றால் முதலில் க, அப்புறம் ஒ. அரிசியில் உன் விரலைப் பிடித்துக் 'கொ' போட்டபோது, "சத்தம் பின்னாலதானேம்மா வருது, கொம்பை ஏன் முன்னால போடுறே?" என்று கேட்டாயே, அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. உன் எழுத்தில் நீ கேட்டபடியேதான் இருக்கிறது.

குத்துவதுதான் பாடுபடுத்திவிட்டது. தாளின் பின்பக்கமிருந்து, வலமிருந்து இடமாகக் குத்த வேண்டும். கட்டத்தின் ஆறு புள்ளியில் 1ஆம் புள்ளி இருக்கிற இடத்தில் 4ஆம் புள்ளி வந்துவிடும். கொஞ்சம் அசந்தால் ழ போய் ட ஆகிவிடுகிறது. முதல் தாளில் 'பழம் அனுப்பினேன்' என்று எழுதினேன். டீச்சர் தடவிப் பார்த்து, "என்ன படம் அனுப்பினீங்க?" என்றார். அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ ஏழாவது படித்தபோது அப்பா நலமாக இல்லை. நெஞ்சுவலி வந்து பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். உனக்குப் பரீட்சை நேரம். உன் தோட்டைத்தான் அடகு வைத்தேன், மீட்க முடியவில்லை. தொலைந்துவிட்டது என்று நான் சொன்னதும், பொட்டுத் தோடாவது கிடைக்காதா என்று கட்டிலுக்கடியில் நீ தடவித் தடவித் தேடினாய். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். போனில் எத்தனையோ தடவை சொல்ல நினைத்து, வாய் வரவில்லை.

உன் போன் எல்லாவற்றையும் படித்துக் காட்டும் என்று தெரியும். இதை அந்தக் குரல் படிக்க வேண்டாம் என்றுதான் இவ்வளவு பாடு.

பதிலைப் புள்ளியிலேயே போடு. விரலால் படிக்க எனக்கு இன்னும் வரவில்லை. விளக்கைச் சாய்த்து வைத்து, புள்ளியின் நிழலைப் பார்த்துப் படித்துக்கொள்வேன். இதற்குத் தபால் தலை வேண்டாமாம், ஆனால் உறையை ஒட்டக் கூடாதாம். ஒட்டாமலேதான் அனுப்புகிறேன்.

உன் அம்மா